நாலாம் கியரில் இழுக்காத வண்டி: கிளட்சைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

மியான்மரின் மொன் மாநிலத்தில் இருக்கும் முடோனிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவருடையது 125 சிசி வண்டி. கையில் கிளட்ச் பிடி இல்லாமல் காலால் கியரை மட்டும் மாற்றி ஓட்டும் வகை. 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்னால் ரப்பர் ஷீட் கட்டிக்கொண்டு மோல்மேனுக்கு வரும்போது நாலாம் கியரில் மேடு ஏறினால் எஞ்சின் இரைச்சல் கூடுகிறது, வேகம் கூடுவதில்லை. ஊர்ப் பட்டறைச் சயா, அதாவது மெக்கானிக், கிளட்ச் முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டார். நண்பரின் அண்ணனோ இன்னும் ஒரு மழைக்காலம் தாராளமாக ஓடும் என்கிறார். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கிளட்ச் மாற்ற வேண்டும் என்று நண்பர் கேள்வியை முடித்திருக்கிறார். அவர் உண்மையில் அறிய விரும்புவது, இந்தச் செலவு இப்போதே தேவைதானா, தேவையென்றால் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் தவ்வோயிலும் பிறகு மோல்மேனிலும் பட்டறை வேலை பார்த்தவன். இந்த வகை வண்டிகளே என் கையில் அதிகம் வந்து போயின.

கிலோமீட்டர் கணக்கை முதலில் ஒதுக்கிவிடலாம். கிளட்சுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. எஞ்சின் ஆயிலுக்கும் ஏர் ஃபில்டருக்கும் இத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக் கொடுக்கும் வண்டிப் புத்தகங்கள், கிளட்ச் தட்டுக்கு வரும்போது அளந்து பார்த்து வரம்புக்குக் கீழே போயிருந்தால் மாற்று என்று மட்டுமே சொல்கின்றன. காரணம் எளிது. கிளட்ச் தேய்வது வழுக்கும் நேரத்தில் மட்டுமே. தட்டுகள் முழுவதுமாகப் பிடித்து ஒன்றாகச் சுழலும்போது, வண்டி பெகு வரை போனாலும் தேய்மானம் இல்லை என்றே சொல்லலாம். ஒரே மாதிரி வண்டி இரண்டில், நெடுஞ்சாலையில் தனியாளாக வேலைக்குப் போய்வருபவரின் கிளட்ச் 50,000 தாண்டியும் நல்ல கனத்தோடு இருக்கும். சந்தை வாசலில் நின்று கேரி (வாடகை மோட்டார் சைக்கிள்) ஓட்டுபவரின் கிளட்ச், ஆளை ஏற்றி இறக்கி நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பியே அதில் பாதித் தூரத்துக்குள் தீர்ந்துபோகும். ஆகவே 38,000 என்ற எண்ணைக் கொண்டு சயா சொன்னதும் தவறாகலாம், அண்ணன் சொன்னதும் தவறாகலாம்.

இந்த வண்டியில் கிளட்ச் ஒன்றல்ல, இரண்டு என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு சொல்வது விளங்கும். இன்று மொன் மாநிலத்தில் ஓடும் 100 முதல் 125 சிசி வரையிலான கால்கியர் வண்டிகளில் பெரும்பாலானவை, எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும், ஹோண்டா வேவ் வண்டியின் அமைப்பைப் பின்பற்றியவை. அவற்றில் கிராங்க் தண்டின் நுனியில் ஒரு கிளட்ச் இருக்கிறது. அதற்குள் பிரேக் ஷூ போன்ற கட்டைகள் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஸ்பிரிங் அவற்றை உள்ளிழுத்து வைத்திருக்கும், வேகம் கூடியதும் அவை வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கும். கியர் போட்டு நின்றாலும் எஞ்சின் அணையாமல் இருப்பதும், ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி தானாகக் கிளம்புவதும் இதனால்தான். கியர் பெட்டியின் தண்டில் இருப்பது இரண்டாவது கிளட்ச். அது சாதாரண மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற பல தட்டு கிளட்ச். உராய்வுத் தட்டும் ஸ்டீல் தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும், மேலே பிரஷர் பிளேட், அதை அழுத்தும் ஸ்பிரிங்குகள். கியர் மிதியைக் காலால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது விடுபட்டு, காலை எடுத்ததும் மறுபடி பிடிக்கும். பழைய ஹோண்டா கப் வண்டிகளில் இரண்டு வேலையும் ஒரே கிளட்சில் நடந்தன. அவை இப்போது இங்கே அபூர்வம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பட்டறையில் 'கிளட்ச் போய்விட்டது' என்று சொன்னால், இரண்டில் எது என்று திருப்பிக் கேட்க வேண்டும். அதை வண்டியைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முன்னால் கிராங்க் தண்டில் இருக்கும் ஷூ கிளட்சின் பிடிப்பு எஞ்சின் சுழற்சியைப் பொறுத்தது. சுழற்சி இரண்டு மடங்கானால் ஷூக்களை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே அது தேய்ந்திருந்தால் கோளாறு முதலில் தெரிவது கிளம்பும்போது. முன்பு கொஞ்சம் திருகினால் நகர்ந்த வண்டி, இப்போது நன்றாக இரைந்த பிறகே நகரும். சில வண்டிகளில் கிளம்பும் நேரத்தில் உடம்பு உதறுவதுபோல் ஓர் அதிர்வும் கீச்சென்ற ஒலியும் வரும். ஓட்டம் எடுத்த பிறகு ஒரு குறையும் தெரியாது. தட்டு கிளட்ச் தேய்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு. முதல் கியரில் ஒழுங்காகக் கிளம்பும், இரண்டாம் கியரிலும் இழுக்கும். நாலாம் கியரில், சுமையோடு, மேட்டில்தான் வழுக்கும். ஏனென்றால் மேல் கியரில் சக்கரத்தின் பாரம் அதிகம் குறையாமல் கிளட்சுக்கு வந்து சேர்கிறது, எஞ்சினும் அதே இடத்தில் முழு இழுவையோடு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. நண்பர் எழுதியிருக்கும் அடையாளம் இரண்டாவதோடு பொருந்துகிறது. பெரும்பாலும் தட்டு கிளட்ச்தான் என்று நினைக்கிறேன். ஷூவும் டிரம்மும் மிக மோசமாகப் போய்விட்ட வண்டியில் மேல் கியரிலும் வழுக்குவது உண்டு. ஆனால் அந்த நிலைக்கு வருமுன் கிளம்புவதே பெரும்பாடாகியிருக்கும், அதை அவர் எழுதாமல் விட்டிருக்க மாட்டார்.

சோதித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, போக்குவரத்து இல்லாத நேரத்தில், கியைக்தான்லான் பகோடாவுக்கு ஏறும் பாதையைப் போன்ற ஒரு மேட்டில் நாலாம் கியரில் 35 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரேயடியாகத் திறக்க வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் ஒலியும் வேகமும் சேர்ந்தே, மெதுவாக, முனகிக்கொண்டு ஏறும். வழுக்கும் கிளட்ச் என்றால் ஒலி மட்டும் சட்டென்று உயர்ந்து, ஸ்பீடோமீட்டர் முள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒலி உயராமலும் வேகம் ஏறாமலும் இருந்தால் அது கிளட்ச் அல்ல. கார்புரேட்டர், அடைத்த ஏர் ஃபில்டர், வால்வு, பிஸ்டன் ரிங், ஒட்டிக்கொண்ட பிரேக் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு நல்ல கிளட்சை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். சுமையில் கடகடவென்று வெட்டினால் தேய்ந்த பல்சக்கரத்தின் மேல் செயின் தாண்டுகிறது என்று பொருள்; கிளட்ச் வழுக்கும்போது வெட்டு இருக்காது, வழவழவென்று இருக்கும். இந்தச் சோதனையை ஓரிரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். வழுக்கும் கிளட்சுக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு சூடு.

வழுக்குகிறது என்பது உறுதியானாலும் தட்டு தேய்ந்துவிட்டது என்று ஆகிவிடாது. அதிகக் காசு செலவில்லாத இரண்டு காரணங்கள் முன்னால் நிற்கின்றன. ஒன்று அட்ஜஸ்ட்மென்ட். வலப்பக்கத்து எஞ்சின் மூடியில் ஒரு லாக் நட்டும் அதன் நடுவில் வெட்டுள்ள ஒரு திருகும் வெளியே தெரியும். கியர் மிதிக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் இருக்கும் சிறு இடைவெளியை வைப்பது அந்தத் திருகு. தட்டுகள் தேயத் தேய அடுக்கின் கனம் குறைந்து அந்த இடைவெளி மாறும். அல்லது யாராவது கியர் சத்தம் போகட்டும் என்று திருகை அளவுக்கு மீறித் திருப்பி வைத்திருப்பார்கள். இடைவெளி இல்லாமல் போனால், யாரும் மிதியைத் தொடாமலே கிளட்ச் எப்போதும் பாதி தூக்கிய நிலையில் இருக்கும். தட்டு புதிதாக இருந்தாலும் வழுக்கும்.

சரிசெய்யும் முறை இது. எஞ்சினை அணைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, திருகை வலப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றி, தடை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மெல்ல இடப்புறமாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் விரலுக்கு லேசான தடை தெரியும். அங்கே நிறுத்தி, எட்டில் ஒரு பங்கு சுற்று வலப்புறமாகத் திரும்ப விட்டு, திருகு அசையாமல் ஸ்குரூடிரைவரால் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்க வேண்டும். இது ஹோண்டா வேவ் அமைப்புக்கு உரிய முறை. வேறு அமைப்புள்ள வண்டிகளில் திருப்பும் திசையும் அளவும் மாறும். தடை தெரியும் இடத்தைக் கண்டு அங்கிருந்து சிறிது பின்வாங்குவது என்ற தத்துவம் மாறாது. கடினமானது திருகுவது அல்ல, அந்தத் தடையை விரலால் உணர்வதுதான். ஸ்குரூடிரைவரை முஷ்டியில் பிடித்தால் தெரியாது, இரண்டு விரலால் பிடித்தால் தெரியும். கையால் பிடிக்கும் கிளட்ச் உள்ள வண்டிக்கு இதற்கு ஈடான வேலை கேபிளைச் சரிசெய்வது. பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எஞ்சின் ஆயில். இந்தக் கிளட்சுகள் இரண்டும் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்பவை. கார் எஞ்சினின் உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகச் சில ஆயில்களில் வழுக்கும் மருந்து சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது, நனைந்த கிளட்சுக்கு அது கேடு. இதனால்தான் ஜப்பானில் 1998-இல் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கென்று ஜாசோ (JASO) தரம் கொண்டுவரப்பட்டது. அதில் எம்ஏ (MA) என்று குறித்த ஆயில் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. பின்னால் வந்த எம்ஏ1, எம்ஏ2 என்பவை அதன் உட்பிரிவுகள், இரண்டும் நமக்குப் பொருந்தும். எம்பி (MB) என்பது கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. புட்டியின் பின்பக்கத்தில் சிறிய கட்டத்துக்குள் இந்த எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். நண்பர் கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது, எந்தப் புட்டி என்று நினைவுபடுத்திப் பார்க்கட்டும். வழுக்கல் ஆயில் மாற்றிய சில நாட்களுக்குள் தொடங்கியிருந்தால் சந்தேகம் முதலில் ஆயிலின் மேல்தான். சரியான ஆயிலை ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றினால் பல வண்டிகள் தெளிந்துவிடும். தட்டின் துளைகளுக்குள் ஊறிய மருந்து முழுவதும் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. இந்த வண்டிகளின் ஆயில் கொள்ளளவு ஒரு லிட்டருக்கும் குறைவு என்பதால், தட்டு வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது பெரிய இழப்பில்லை.

மழைக்காலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மழையில் எஞ்சின் முழுகும் தண்ணீரில் வண்டியை இறக்கியிருந்தால், ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உராய்வுப் பொருள் தட்டோடு பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் கலந்த சூடான ஆயில் அந்தப் பிடிப்பைக் கெடுக்கும். அப்படி உரிந்த தட்டில் கனம் இருந்தும் பயனில்லை.

அட்ஜஸ்ட்மென்டும் ஆயிலும் சரியாக இருந்தும் வழுக்கினால், திறந்துதான் ஆக வேண்டும். திறந்த பிறகு கண்ணால் பார்த்து 'போய்விட்டது' என்று தூக்கிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. தட்டைத் துடைத்து, வெர்னியர் அளவுகோலால் நான்கு பக்கமும் அளக்க வேண்டும். இந்த அளவுள்ள வண்டிகள் பலவற்றில் புதிய உராய்வுத் தட்டின் கனம் 3 மில்லிமீட்டருக்கு அருகில் இருக்கும், 2.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான வரம்பு. புதிதுக்கும் கழிப்பதற்கும் இடையில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து யாராவது அளந்தால் அதை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தட்டு 2.9 என்றும் பக்கத்துத் தட்டு 2.5 என்றும் காட்டினால், அடுக்கின் ஒரு பக்கம் மட்டும் வெந்திருக்கிறது. அப்போது எல்லாத் தட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கனம் இருந்தும் தட்டு கெட்டிருக்கலாம். அளவு சரியாக இருந்து, மேற்பரப்பு கறுத்து, கண்ணாடிபோல் மின்னினால், அது வெந்து இறுகிப்போன தட்டு. நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் நல்ல தட்டு கொஞ்சம் இடம் கொடுக்கும், ஆயிலை உறிஞ்சி வைத்திருக்கும். வெந்த தட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போகும், முகர்ந்தால் கருகிய வாடை அடிக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, எமரி தாளில் தேய்த்து மறுபடி போடும் வழக்கம் தெருவோரப் பட்டறைகளில் உண்டு. கழுவிய சில நாட்களுக்கு நன்றாகப் பிடிப்பதுபோலத் தோன்றும். ஆயில் மறுபடி ஊறியதும் பழைய கதை. வழியில் மாட்டிக்கொண்டவரை வீடு சேர்க்கும் வைத்தியமாக அதை ஒப்புக்கொள்ளலாம், அதற்கு மேல் அல்ல.

உராய்வுத் தட்டுகளுக்கு இடையில் வரும் ஸ்டீல் தட்டுகளைத் தூக்கி எறிய அவசரப்பட வேண்டாம். அவற்றைச் சமமான கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இலைகளை) செருகிப் பார்க்க வேண்டும், 0.20 மில்லிமீட்டர் இலை உள்ளே நுழைந்தால் தட்டு வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் மிகுந்த சூடு கண்டிருக்கிறது என்று பொருள். அதையும் மாற்றுவதே நல்லது. வெறும் பளபளப்பு மட்டும் இருந்து தட்டு சமமாக இருந்தால், எமரி தாளால் வட்டமாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி மீண்டும் போடலாம். ஸ்பிரிங்குகளைப் புதியவற்றோடு பக்கத்தில் நிறுத்தி நீளம் பார்க்க வேண்டும். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே அவை தளர்ந்துவிட்டன. ஸ்பிரிங் விலை குறைவு, தட்டை மாற்றும்போது ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுவதே என் வழக்கம். பழைய ஸ்பிரிங்கின் கீழே வாஷர் வைத்து அழுத்தத்தைக் கூட்டும் வேலையை மட்டும் அனுமதிக்காதீர்கள். வாஷரின் கனத்துக்கு ஏற்ப ஸ்பிரிங் சுருங்க இடம் குறைந்து, மிதியை அழுத்தினாலும் கிளட்ச் முழுவதும் விடுபடாது. அடி கியர் பெட்டியில் விழும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, பலரும் பார்க்காமல் விடுவது, தட்டுகள் உட்கார்ந்திருக்கும் அலுமினிய பாஸ்கெட். உராய்வுத் தட்டின் காதுகள் பாஸ்கெட்டின் விரல்களில் இடித்து இடித்து அங்கே பள்ளம் விழும். விரல் நுனியை விளிம்பின் மேல் ஓட்டினால் படிக்கட்டு மாதிரி தட்டுப்படும். பள்ளம் லேசாக இருந்தால் அரத்தால் சமமாக்கலாம். ஆழமாக இருந்தால், புதுத் தட்டு போட்ட பிறகும் காதுகள் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, கியர் மாற்றும்போது முட்டும், நியூட்ரல் விழாது. இவை வழுக்கலின் அடையாளங்கள் அல்ல. கிளட்ச் சரியாக விடுபடாததன் அடையாளங்கள். இரண்டும் எதிர்க்கோளாறுகள் என்பதால் பட்டறையில் சொல்லும்போது பிரித்துச் சொல்ல வேண்டும். சிக்னலில் வண்டி தானாக ஊர்ந்து போகப் பார்த்தால், ஐட்லிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) அதிகமாக வைத்திருப்பது காரணமாகலாம்: பல 100, 110 சிசி வண்டிகளுக்கு ஐட்லிங் நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு அருகில் இருக்க வேண்டும், காலையில் அணையாமல் இருக்கட்டும் என்று அதைத் தூக்கி வைத்தால், முன்னால் இருக்கும் ஷூக்கள் நிற்கும்போதும் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். நின்ற இடத்தில் ஷூ தேயும்.

நண்பரின் நேர்க்கேள்விக்கு வருகிறேன். இன்னும் ஒரு மழைக்காலம் ஓடுமா? சுமையோடு மேட்டில் நாலாம் கியரில் மட்டும் வழுக்குகிறது என்றால், சுமையைக் குறைத்து, மேட்டில் மூன்றாம் கியருக்கு இறக்கி, ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்து சில வாரம் ஓட்டலாம்; பாகம் வரக் காத்திருக்க அது போதும். மழைக்காலம் முழுவதும் என்றால் வேண்டாம் என்பேன். வழுக்கும் தட்டு ஒரே சீராகத் தேய்வதில்லை. வழுக்கல் சூட்டை உண்டாக்கும், சூடு தட்டை இறுக்கி மேலும் வழுக்க வைக்கும். தொடக்கத்தில் மெதுவாகவும் கடைசியில் மிக வேகமாகவும் போகும் கோளாறு இது. இன்றைக்கு உராய்வுத் தட்டும் ஸ்பிரிங்கும் மட்டும் கேட்கும் வண்டி, இரண்டு மாதம் கழித்து ஸ்டீல் தட்டு, பிரஷர் பிளேட், ஹப் வரை கேட்கும். சமதரையில் தனியாளாகப் போகும்போதே வழுக்கத் தொடங்கினாலோ, நிறுத்தியதும் கருகிய வாடை வந்தாலோ, அதற்கு மேல் ஒரு நாளும் சுமை ஏற்றக் கூடாது.

முழுவதும் மாற்ற வேண்டுமா என்பதற்கு, நான் வண்டியைத் தொடாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், தட்டு கிளட்சின் உராய்வுத் தட்டுகளும் ஸ்பிரிங்குகளும் போதும் என்று எதிர்பார்க்கிறேன். முன் ஷூக்களை மூடி திறந்திருக்கும்போதே பார்த்து, லைனிங் கனமாக இருந்து, டிரம்மின் உட்புறம் மழமழப்பாக இருந்தால் அப்படியே விடலாம். உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ டிரம்மில் கோடு விழுந்திருந்தாலோ அதையும் மாற்றட்டும். சயாவிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கழற்றியதை அளந்து காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கழற்றிய பழைய தட்டுகளைக் கையில் வாங்கிக்கொள்வதும் அப்படியே.

பாகம் வாங்குவது தனிக் கலை. சீன எல்லையிலுள்ள மூசே வழியாகவும் தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவடி வழியாகவும் வந்து சேர்ந்த தட்டுகள் ஒரே அலமாரியில், ஒரே நிறப் பெட்டியில் இருக்கும்; பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நான் நம்புவதில்லை. கடையிலேயே பெட்டியைத் திறந்து, எல்லாத் தட்டுகளும் ஒரே கனமா, ஒட்டியிருக்கும் துண்டுகள் இடைவெளி மாறாமல் வரிசையாக இருக்கின்றனவா, விளிம்பில் பசை பிதுங்கியோ துண்டு தூக்கிக்கொண்டோ இருக்கிறதா என்று பார்க்கலாம். பழைய தட்டு ஒன்றை எடுத்துப்போய், அதன் காதுகளும் உள்வட்டமும் புதியதோடு பொருந்துகின்றனவா என்று மேலே வைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது. 125 என்று ஒரே எண் இருந்தாலும் வண்டிக்கு வண்டி அளவு மாறும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். புதிய உராய்வுத் தட்டுகளை உலர்ந்தபடியே மாட்டக் கூடாது. வண்டிக்கு ஊற்றப்போகும் அதே ஆயிலில் முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும். அவசரம் என்றால் சில மணி நேரமாவது ஊற வேண்டும். உலர்ந்த தட்டு முதல் கிளம்பலிலேயே வெந்துவிடும், ஆயில் அதன் பிறகு எவ்வளவு வந்தாலும் அந்தப் பளபளப்பு போகாது. அடுத்தது, தேய்ந்த தட்டின் துகள்கள் போய்ச் சேரும் இடம். இந்த வண்டிகளில் முன் கிளட்சின் மூடிக்குள்ளேயே ஆயிலைச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கும் ஒரு கிண்ணம் இருக்கிறது. அடியில் கம்பி வலை ஒன்றும் இருக்கிறது. வழுக்கிய கிளட்சின் கரிய சேறு அந்தக் கிண்ணத்தின் ஓரத்தில் மெழுகுபோல் அப்பியிருக்கும். அதைச் சுரண்டி, வலையைக் கழுவி, புது ஆயில் ஊற்றாமல் மூடியைப் போட்டால், பழைய தூள் புதுத் தட்டுக்கும் மேலே சிலிண்டருக்கும் போகும். மூடியின் காஸ்கெட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதின் மேல் பசை தடவி ஒப்பேற்றினால் ஆயில் கசிந்து, ஒரு லிட்டர்கூட இல்லாத ஆயிலில் அந்தக் கசிவு விரைவில் தெரியும்.

ஓட்டும் பழக்கத்தில் மூன்று காரியங்கள் இந்த வகைக் கிளட்சைக் கொல்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஓடும்போது காலைக் கியர் மிதியின் மேலேயே வைத்திருப்பது அவற்றில் முதலாவது. அந்த மிதிதான் கிளட்சைத் தூக்குகிறது என்பதை மறந்து, செருப்புக் காலை அதன் மேல் சாய்த்தபடி முடோன் வரை போகிறவர்கள் ஏராளம். சுமையோடு வழுக்கும் வண்டிகள் சிலவற்றில், காலை எடுக்கச் சொன்னதுமே பாதிக் கோளாறு நீங்கியது உண்டு. நண்பரும் இதை முதலில் பார்த்துக்கொள்ளட்டும். சுமை ஏற்றிய வண்டியை இரண்டாம் கியரில் கிளப்புவதும், மேட்டில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரால் தாங்கி நிறுத்துவதும் மற்ற இரண்டு. இவை முன் ஷூக்களைத் தின்னும். நாள்தோறும் கனத்த சுமையோடுதான் ஓட்ட வேண்டும் என்றால், முன் பல்சக்கரத்தை ஒரு பல் குறைந்ததாக மாற்றிப் பார்க்கலாம். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து ஓடும் வண்டியில் அதன் கணக்குக் கெடாது, கிளட்சின் மேல் விழும் பாரம் கண்டிப்பாகக் குறையும். எரிபொருள் செலவு கூடுமா என்பது சாலையையும் சுமையையும் பொறுத்தது.

புதுத் தட்டு போட்ட பிறகு முதல் சில நூறு கிலோமீட்டருக்குச் சுமையைக் குறைத்து, ஆக்சிலேட்டரைத் திடீரென்று திறக்காமல் ஓட்டி, அதற்குப் பிறகு வலப்பக்கத்துத் திருகை மேலே சொன்ன முறையில் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தட்டுகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இடைவெளி சற்று மாறியிருக்கும். அளவு சரியான தட்டு, புது ஸ்பிரிங், எம்ஏ ஆயில், சரியான இடைவெளி எல்லாம் இருந்தும் அதே மேட்டில் அதே கியரில் வழுக்கினால், தட்டை மறுபடி குறை சொல்லாமல், கியர் மிதியின் தண்டோடு சேர்ந்து திரும்பும் கிளட்ச் தூக்கியும் அதன் பந்துகளும் தேய்ந்து சிக்கிக்கொள்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் முன் ஷூக்களையும் டிரம்மையும் அளக்க வேண்டிய நேரம் அது.